பாசம் என்னும் கூலியில்லா வேலை

பைத்தியம் பற்றி நம் சிறுபத்திரிகைகள் நிறையப் பேசிவிட்டன. ஃபூக்கோவின் 1961ஆம் ஆண்டு நூலை முன்வைத்து, மனநோய் விடுதி எப்படி அதிகாரத்தின் கூடமாகிறது என்று விவாதித்தோம். சரி. ஆனா அந்தியூர்ப் பக்கம் ஸ்கிசோஃப்ரீனியா எனும் மனச்சிதைவு வந்து பத்து, இருபது வருசம் ஆனவர் பெரும்பாலும் விடுதியில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார். பார்த்துக்கொள்வது அம்மா, இல்லாட்டி பொண்டாட்டி, அக்கா. நம் விவாதத்தில் இந்தப் பெண் எங்கே?

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' (சாகித்ய அகாதெமி விருது, 1993), இல்லாத குரல்களைக் கேட்கும் ஒருவனுக்குள் நம்மை உட்கார வைத்த நாவல். அது காதுக்குள்ளிருந்து எழுதப்பட்டது. மாத்திரையை முழுங்கினானா, அடக்கி வச்சிருக்கானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவள் எழுதினால் அது வேறொரு பிரதி. தலித் எழுத்து கொண்டுவர வேண்டிய பிரதி அது.

மருத்துவ உலகம் குடும்பத்தைக் கொண்டாடுகிறது. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் நோயாளியோடு உறவினரையும் கூடாரத்தில் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் குடும்பத்தைக் கூடவே வைத்துப் பார்த்தது. ஏழை நாடுகளில் இந்நோயின் போக்கு மேலாக இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவன ஆய்வுகள் சொன்னபோது, கூட்டுக்குடும்பப் பாசமே காரணம் என்று பலர் பூரித்தார்கள்.

யாருடைய குடும்பம்? பண்ணையத்து வீட்டில் தோட்டம் உண்டு, ஆள் உண்டு. கரும்பு வெட்டப் போற வீட்டில் ஒரு நாள் துணைக்கு உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு. 'நம்மூட்டு ஆளு' என்று உறவு சொல்லித்தான் பண்ணையத்தில் ஓசி வேலை வாங்கினார்கள். 'பாசம்' என்ற சொல்லும் இங்கே அதே வேலையைத்தான் செய்கிறது.

வீட்டில் ஓயாத வசவு இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்று லண்டன் ஆய்வுகள் காட்டின. மறுக்கவில்லை. ஆனா குளிக்காம, பேசாம, சுவரைப் பாத்தே உக்காந்திருப்பதும் நோய்தான், சோம்பேறித்தனம் இல்லை என்பதை அவளுக்கு யார் உட்கார வைத்துச் சொன்னார்கள்? பொறுமைக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா?

2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்தவர்கள் 28 பேர் கருகிச் செத்தார்கள். குடும்பங்கள் கைவிட்டன என்ற பேச்சு எழுந்தது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது, நல்லது. அதே சட்டம்தான் இடைநிலை இல்லங்களையும், வீட்டிலேயே மறுவாழ்வுச் சேவையையும், குடும்பத்துக்கான உதவியையும் அரசின் கடமையாக்குகிறது. தடையைச் சொல்லி அவளை மிரட்டும் அதிகாரி, இந்தக் கடமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலைக்குப் போகும் எட்டு மணி நேரம் அவள் பிள்ளையை யாரிடம் விடுவாள்?

தோழர்களே, சாட்சியம் சேகரிக்கப் போகும்போது நோயின் கதையோடு திரும்பிவிடாதீர்கள். அவளுடைய கணக்கையும் எழுதி வாங்குங்கள்: எத்தனை நாள் கூலி போச்சு, எத்தனை ராத்திரி தூங்கல, நான் செத்தா இவனை யாரு பாப்பான்னு எத்தனை தடவை நினைச்சா.