சுவரொட்டிக் குழந்தையும் கையெழுத்திட்ட குழந்தையும்

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில்தான் தொடங்குகிறது. நாஜிகள் தெரெசினில் அடைத்து வைத்த யூதக் குழந்தைகள் அவரிடம் கற்று வரைந்த சுமார் 4,500 படங்கள் அந்தப் பெட்டிகளில் இருந்தன. 1945இல் அவை பிராக் நகருக்கு வந்து சேர்ந்தபோது ஃப்ரீடல் உயிரோடு இல்லை. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோரும் இல்லை. இதைக் கேட்டபின் யாருக்கும் விமர்சனம் பேச வாய் வராது, கை கூப்பத்தான் தோன்றும். அப்படிக் கை கூப்பிய மாத்திரத்தில் கலைஞர் காணாமல் போய், தியாகி மட்டும் மிஞ்சிவிடுகிறார். கலையைத் துறந்து குழந்தைகளுக்குத் தன்னைக் கொடுத்தவர் என்கிற இந்தப் புனித வாசிப்பை நான் மறுக்கிறேன். அவர் எதையும் துறக்கவில்லை. அவருடைய கலை போய்ச் சேர்ந்த இடம்தான் அந்த வகுப்பறை.

1898இல் வியன்னாவில் பிறந்தவர் ஃப்ரீடல். குழந்தைகளின் ஓவியத்தை அதற்கேயுரிய விதிகள் கொண்ட கலையாக மதித்த ஃப்ரான்ஸ் சிஷெக்கிடமும், பிறகு யோஹன்னஸ் இட்டனிடமும் படித்தார். 1919இல் இட்டன் வைமாரில் அப்போதுதான் தொடங்கிய பௌஹவுஸுக்கு ஆசிரியராகப் போனார். கூடவே போன மாணவர்களில் ஃப்ரீடலும் ஒருவர். இட்டனின் பயிற்சி மூச்சிலும் உடலசைவிலும் தொடங்கும். கோடு முதலில் கையின் தாளம், பொருளின் உருவமாவது அப்புறம்தான். 1923க்குப் பின் ஃப்ரான்ஸ் ஸிங்கரோடு சேர்ந்து பெர்லினிலும் வியன்னாவிலும் வடிவமைப்புக் கூடம் நடத்தினார். மடிக்கவும் அடுக்கவும் கூடிய மேசை நாற்காலிகளும், சிறிய வீட்டைப் பெரிதாக்கும் உத்திகளும் இவர்களுடைய தனித்தன்மை. வியன்னா நகராட்சி தொழிலாளர்களுக்காகக் கட்டிய கேத்தஹோஃப் குடியிருப்பில் மான்டிசோரி மழலையர் பள்ளியின் உள்ளமைப்பும் இவர்கள் செய்ததுதான். 1931இல் மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியம் கற்பிக்க நகராட்சி ஃப்ரீடலை அழைத்தது. ஆக, குழந்தைகள் அவரிடம் முகாமில் திடீரென்று வந்து சேர்ந்தவர்கள் இல்லை.

ஆனால் அந்த நாட்களில் அவருடைய கலையில் குழந்தை என்னவாக இருந்தது? கம்யூனிஸ்டான ஃப்ரீடல் 1930களின் தொடக்கத்தில் புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் சுவரொட்டிகள் செய்தார். அவற்றில் ஒன்றில் நடுவே பிறந்த குழந்தை வீறிட்டு அழுகிறது. சுற்றிலும் ராணுவம், ஹிட்லர், பணம், பசி. வலுவான படம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்குப் பெயர் கிடையாது. பெரியவர்கள் பெரியவர்களோடு நடத்தும் விவாதத்தில் அது ஒரு வாதம், அவ்வளவுதான். கோஷத்துக்குக் கச்சாப்பொருள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காலம் அப்படிப்பட்டது. ஆனாலும் இங்கிருந்து அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதில்தான் அவருடைய படைப்புப் பயணம் இருக்கிறது.

1934இல் கைதானார். வெளியே வந்ததும் பிராக் போய்விட்டார். அங்கே அவர் அந்நியர், அகதி. 'விசாரணை' என்ற தலைப்பில் அவர் வரைந்த ஓவியங்கள் அந்தக் கைது அனுபவத்திலிருந்து வந்தவை. அதன் பிறகு நடந்ததைக் கலை வரலாற்றுக்காரர்கள் 'பின்வாங்கல்' என்று சொல்லக்கூடும். வடிவியல் கட்டுமானம் கழன்று போகிறது. நிலக்காட்சி, முகச்சித்திரம், ஜன்னலோரப் பூச்சாடி என்று வரையத் தொடங்குகிறார். புரட்சிக்காரி பூச்சாடி வரைவதா? ஆனால் இதே ஆண்டுகளில்தான் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஓடிவந்தவர்களின் குழந்தைகளுக்கு அவர் ஓவியம் கற்பித்தார். உலகத்தை மேலிருந்து திட்டமிட்டு ஒழுங்குபடுத்தும் வடிவமைப்பாளரின் நம்பிக்கை, ஊரும் உரிமையும் பறிபோன இடத்தில் அவரிடம் தளர்ந்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன பார்க்கிறார் என்று கவனிக்கும் பொறுமை அந்த இடத்துக்கு வந்தது என்பது என் வாசிப்பு. அந்நிய வாழ்க்கையும் குழந்தைகளும் அவருக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

1936இல் பாவெல் பிராண்டைஸை மணந்தார். பாலஸ்தீனம் போக வழியிருந்தும் கணவரை விட்டுப் போகவில்லை. 1942 டிசம்பரில் இருவரும் தெரெசினுக்கு அனுப்பப்பட்டார்கள். கொண்டுபோக அனுமதித்த 50 கிலோ சுமையில் ஃப்ரீடல் ஓவியப் பொருட்களையும் எடுத்துக்கொண்டார். தெரெசினில் முறையான பள்ளிக்கல்விக்குத் தடை. படம் வரைய மட்டும் விட்டார்கள். அந்தச் சிறு இடைவெளிக்குள் அவர் கொண்டுவந்தது கருணையை மட்டுமல்ல, பௌஹவுஸின் பாடத்திட்டத்தையும்தான். தாளத்துக்கேற்பக் கோடிழுக்கும் பயிற்சி, இழைநயப் பயிற்சி, பழைய ஓவிய மேதைகளின் படங்களை வெட்டுத்தாள்களால் மறுஆக்கம் செய்தல். அலுவலகப் படிவங்களின் காலிப்பக்கமும் அவற்றின் கட்டங்களுமே ஒட்டுப்படத்துக்குத் தாளாயின. முன்பு சுவரொட்டிக்குப் பயன்பட்ட அதே கத்தரிக்கோல் உத்திதான். இப்போது கத்தரிக்கோல் குழந்தையின் கையில் இருக்கிறது.

1943இல் அங்கேயே குழந்தைகளின் படங்களைக் காட்சிக்கு வைத்து ஓர் உரையும் நிகழ்த்தினார். குழந்தைகளைச் சீக்கிரமாகத் தங்களைப் போலவே ஆக்கிவிடத் துடிக்கும் பெரியவர்களின் அவசரத்தை அதில் கேள்விக்குள்ளாக்கினார். படங்களில் பெயரை எழுதச் சொன்னார். வந்திறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் தரும் இடத்தில் பெயரை எழுதுவது சின்ன விஷயமா? ஓலமிட்ட அநாமதேயக் குழந்தை இங்கே படைப்பாளியாகிவிடுகிறது.

"இருக்கட்டும் தோழர், சாவு வாசலில் பூவும் வீடும் வரையச் சொல்வது தப்பித்தல்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் நடந்ததையும் பாருங்கள். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது நாஜிகள் முகாமுக்கு வெள்ளையடித்தார்கள், குழந்தைகளைக் காட்சிப்பொருளாக்கினார்கள். அதிகாரத்துக்கும் ஒரு சுவரொட்டிக் குழந்தை தேவைப்பட்டது, சிரிக்கிற குழந்தை. யார் ஒட்டினாலும் சுவரொட்டியில் குழந்தை பேசுவதில்லை. ஃப்ரீடலின் வகுப்பில் பூ வரைந்த சிறுமி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. துயரத்தை வரைந்து சாட்சி சொல் என்றும் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதைத் தப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிராகில் அவருக்கு உதவியாக இருந்த மாணவி எடித் கிராமர் 1938இல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, கலைவழிச் சிகிச்சை என்ற துறையின் முன்னோடிகளில் ஒருவரானார். இதை வைத்து ஃப்ரீடலையும் 'சிகிச்சையாளர்' என்று முத்திரை குத்துவது இன்னொரு வகைப் புனிதமாக்கல்தான். அவர் நோயாளிகளுக்குக் கற்பிக்கவில்லை, சக கலைஞர்களுக்குக் கற்பித்தார். பாவெலை ஏற்றிப்போன பிறகு, தானே முன்வந்து அடுத்த வண்டிகளில் ஒன்றில் ஏறினார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பாவெல் பிழைத்தார்.

இயக்கம் சார்ந்து குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள் நம்மில் பலர் உண்டு. பட்டினிக்கும் போருக்கும் சாதிக்கும் எதிராக ஊர்வலம் போகும்போது, எழுதிக் கொடுத்த அட்டையைப் பிஞ்சுக் கைகளில் திணிக்கிறோம். அட்டையில் இருப்பது நம் கையெழுத்து. நம் நியாயம் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் அட்டையைக் காலியாகக் கொடுத்தால் அந்தப் பிள்ளை என்ன வரையும், அடியில் தன் பெயரை எழுதுமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?