புறமுதுகு காட்டும் சின்னங்கள்

போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவது வீரனுக்கு இழுக்கு என்பது நம் முன்னோர் வகுத்த மரபு. ஆனால் அந்த வீரன் தொப்பியில் அணிந்திருந்த பித்தளைச் சின்னமோ, புறமுதுகைக் காட்டினாலன்றித் தன் வயதையும் பிறப்பையும் உண்மையாகச் சொல்வதில்லை. முன்பக்கத்தில் கிரீடமும் யானையும் புலியும் எத்தனை கம்பீரமாகக் கொலுவீற்றிருந்தாலும், பட்டுப்புடவை வாங்கும் அனுபவசாலியான பெண்மணி சரிகையின் பகட்டில் மயங்காமல் மறுபுறத்தைப் புரட்டி நெசவைப் பார்ப்பது போல, ரசிகன் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது பின்பக்கத்தையே.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இந்தச் சோதனைக்கு வாய்த்த இடம், நகர விளையாட்டரங்கை ஒட்டிக் காலை வேளைகளில் கூடும் லோரோங் கூலிட் சந்தை. முன்னாளில் ரோப் வாக் வீதியில் கடை பரப்பியிருந்த பழம்பொருள் வியாபாரம்தான் இங்கே இடம்பெயர்ந்து வந்தது. தரையில் விரித்த தார்ப்பாயின்மேல், ஓடாத கடிகாரங்களுக்கும் மூடியிழந்த ஜாடிகளுக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதைக் கிளறினால் ஒரு சாம்ராஜ்யத்தின் பொத்தான்கள் அகப்படும்.

கிரீடமே காலத்தின் முதற்சாட்சி. 1901-ல் விக்டோரியா மகாராணி காலமான பின், எட்டாம் எட்வர்டையும் சேர்த்து நான்கு மன்னர்கள் ஆண்ட அரை நூற்றாண்டுக்கும் சின்னங்களில் பொறிக்கப்பட்டது உச்சி உருண்டு வளைந்த டியூடர் கிரீடம். எலிசபெத் அரசியார் பட்டமேற்றபின் வந்த கிரீடத்தின் வளைவுகளோ நடுவில் சற்றே குழிந்து தோள்கள் உயர்ந்து நிற்கும். எவ்வளவோ வருஷங்களாகத் தொடக்கக்காரர்களுக்குத் துணைநின்ற இந்த எளிய விதியை, 2022-ல் சார்லஸ் மன்னர் மீண்டும் உருண்டை வடிவத்தையே வரித்துக்கொண்டு கெடுத்துவிட்டார். மலாயாவின் சின்னங்களில் பிறையோடு நட்சத்திரம் இருந்தால் அதன் முனைகளை எண்ணலாம்: 1957-ல் சுதந்திரம் பெற்ற கூட்டரசுக்குப் பதினொன்று, 1963-ல் மலேசியா உதித்தபின் பதினான்கு.

இனிப் பின்பக்கம். அச்சில் அடித்த தகட்டில் முன்புறம் மேடானது பின்புறம் பள்ளமாகத் தெரிவதும், விளிம்பு வெட்டு கூர்மையாக இருப்பதும் நல்ல லட்சணங்கள். வார்த்தெடுத்த போலியோ, உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிட இம்மியளவு சிறுத்து, ஊசிமுனைப் புள்ளிகளோடு, விரல்பட்டுத் தேய்ந்தது போன்ற மழுங்கலைப் பிறவியிலேயே கொண்டிருக்கும். தொப்பியில் செருகும் நீண்ட நாக்கில் ஜே.ஆர். காண்ட், லண்டன் என்ற பெயரைக் கண்டு பரவசப்பட வேண்டாம். சின்னத்தைப் போலி செய்யத் துணிந்தவன் பெயரையும் போலி செய்யக் கூசமாட்டான். எனக்கு நம்பிக்கை தருவது பெயரன்று, தேய்மானம்: தினந்தோறும் பாலிஷ் போட்டுத் தேய்த்த சிப்பாயின் கை மேடுகளை மட்டுமே தீண்டியிருக்கும், பள்ளங்களில் பழைய பாலிஷின் வெண்படிவு உறைந்திருக்கும்.

யுத்த காலத்துப் பஞ்சமும் தன் கையொப்பத்தை இட்டுச் சென்றிருக்கிறது. 1916-ல் சிக்கனம் கருதி, இரு உலோகங்களில் செய்துவந்த சின்னங்களை முழுப்பித்தளையில் அடித்தார்கள். இரண்டாம் யுத்தத்தில் பித்தளையும் அரிதாகிவிடவே பழுப்பு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். வால்சால் நகரத்து ஸ்டான்லி கம்பெனியின் பெயரைப் பின்புறம் தாங்கிய இவற்றை அற்பமென்று ஒதுக்குவோர் உண்டு. அந்த எளிமையில்தான் காலத்தின் நெருக்கடி ஸ்பஷ்டமாகத் தெரிகிறது என்பது என் கட்சி.

பினாங்கில் அந்நெருக்கடிக்கு ஒரு தனி முகம் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பின் வெள்ளையர்கள் தீவைவிட்டு ரகசியமாக வெளியேறிவிட, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக்கை இறக்கியவர் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்து. கொடிக்கே அந்தக் கதி நேர்ந்தபோது, எஸ்.எஸ்.வி.எஃப். என்ற எழுத்துக்கள் கொண்ட நீரிணைக் குடியேற்றத் தொண்டர்படைத் தோள்சின்னத்தை எவன் வீட்டில் வைத்திருக்கத் துணிவான்? அவை அபூர்வமாக இருப்பதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே இத்தீவில் இந்திய விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த ராகவனின் சுவராஜ் பயிற்சிக்கூடம் எழுந்தது. அங்கே பயின்று நீர்மூழ்கிக் கப்பலேறித் தாயகம் சென்ற வக்கம் காதர் 1943 செப்டம்பரில் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆகவே இந்திய தேசிய ராணுவத்தின் சின்னம் என்றால் தமிழர் கை நடுங்குவது இயல்பே. அந்த நடுக்கத்தை வியாபாரிகள் நன்கறிவர். ஆசாத் ஹிந்த் பதக்கங்களைச் செய்த வியன்னாவின் சூவல் நிறுவனம் யுத்தம் முடிந்தபின்னும் அடித்து விற்றது என்பதால், வேலைப்பாட்டின் நேர்த்தியைக் கொண்டு எதையும் நிச்சயிக்க முடியாது.

பட்டாளத்து மோதிரங்களில் சங்கடம் வேறுவிதம். பர்மிங்ஹாமின் நங்கூர முத்திரையும் அதனருகே உள்ள ஆண்டெழுத்தும் வெள்ளி சோதிக்கப்பட்ட காலத்தை மட்டுமே கூறும். 1975 வரை அவ்வெழுத்து ஜூலையில் மாறியதால், ஒரே எழுத்து இரண்டு ஆண்டுகளில் கால்வைத்து நிற்கும். பட்டாளத்துப் பொத்தானை ஒரு பத்தர் வளையத்தில் பற்றவைத்துக் கொடுத்த மோதிரமாயின் பொத்தானுக்கு ஒரு வயது, வளையத்துக்கு ஒரு வயது, பற்றாசுக்கு மூன்றாவது வயது. மூன்றையும் பிரித்தறிவதே அதன் ரசம்.

பதக்கங்களில் நான் மிகவும் விரும்புவது 'மலாயா' பட்டை தாங்கிய பொதுச்சேவைப் பதக்கம். 1948-ல் தொடங்கிய அவசரகாலப் போருக்கு வழங்கியது. ஆறாம் ஜார்ஜின் தலையைச் சுற்றி முதலில் 'இந்தியச் சக்கரவர்த்தி' என்ற பொருளுடைய லத்தீன் சுருக்கம் இருந்தது, இந்தியா கைநழுவிய சில காலத்துக்குப் பின்னரே அது நீங்கியது, பிறகு எலிசபெத்தின் முகம் வந்தது. விளிம்பில் வீரனின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பெயரை அராவியழித்து விலைபோகும் வேறொரு பெயரை வெட்டுவோர் உண்டாதலால், 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய குறுக்களவு குறைந்திருக்கிறதா என்று அளவுகருவி வைத்துப் பார்க்கிறேன். முன்பெல்லாம் அதைப் பையிலிருந்து எடுத்தால் சந்தைக்காரர்கள் சிரிப்பார்கள். இப்போது எடுத்தவுடனே சிலர் விலையைக் குறைத்துவிடுகிறார்கள்.