நுரையைக் கேட்டுப் பாருங்கள்

நுரை என்றதும் நம் கண் உயரத்தைத்தான் தேடும். டபரா செட் பழக்கிவிட்ட பழக்கம் அது. டம்ளரை ஓங்கித் தூக்கி ஆற்றும்போது காற்று புகுந்து குமிழ் குமிழாகப் பொங்கும். ஃபில்டர் காபிக்கு அதுவே அழகு, சூடும் பதத்துக்கு வரும். கப்புச்சினோவின் நுரை வேறு ரகம். அதில் குமிழே கண்ணுக்குத் தெரியக் கூடாது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கப்பை முக்கி எடுக்கிற கிளேஸ் என்னும் மெருகுக் கரைசலைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும்: வழவழவென்று, பளபளப்பாக, கனமாக வழியும். அந்தப் பதம்தான் வேண்டும்.

பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து விருத்தாசலத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது பீங்கான்தான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது களிமண்ணும் வருகிறது. பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் அரசு நிறுவனம் இரண்டும் ஊரிலேயே உண்டு. பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கேரியர் என்று எத்தனையோ இங்கே சூளை ஏறி இறங்குகின்றன. நல்ல நுரைக்கு நல்ல கப் பாதி வேலை செய்யும் என்பது என் உறுதியான எண்ணம். எவர்சில்வர் டம்ளர் சூட்டைச் சட்டென்று வெளியே விட்டுவிடும்; கனமான பீங்கான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கப் வாங்கும்போது விளிம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள். நன்றாக வெந்த பீங்கான் ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும். மந்தமாகக் கேட்டால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ விரிசல் இருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் கிளேஸ் படாத அடிவளையம் தெரியும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சினால் வேண்டாம். உள்ளே அடி மூலையில்லாமல் உருண்டையாகவும், கொள்ளளவு 150 முதல் 180 மில்லிக்குள்ளும் இருக்கட்டும். காபி ஊற்றுமுன் வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்கிக்கொள்ள மறக்கக் கூடாது.

இனி பால். குமிழைச் சுற்றிச் சுவர் கட்டுவது பாலின் புரதம். கொழுப்பு வாய்க்கு வழுவழுப்பைத் தரும், ஆனால் நுரையைக் கொஞ்சம் அமுக்கும். 3 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் நீலப் பாக்கெட்டில் நுரை சுலபமாக எழும். 4.5 சதவீதமுள்ள பச்சைப் பாக்கெட்டில் சுவை கூடும். என் ஓட்டு பச்சைக்கு. பாக்கெட் பால் பாஸ்டுரைஸ் செய்யப்பட்டது, பொங்கவிடத் தேவையில்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சிறு தீயில் 60 முதல் 65 டிகிரி வரை சுடவைத்தால் போதும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், பாத்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் கட்டினால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்; பாலின் இனிப்பு பின்வாங்கி, காய்ந்த வாடை முன்னே வரும்.

பேட்டரியில் சுற்றும் சின்ன மத்து இருந்தால் முதலில் பாலின் மேல்மட்டத்தில் பிடியுங்கள். ‘சர்சர்’ என்று காற்றை இழுக்கும் சத்தம் கேட்கும். பால் ஒன்றரை மடங்கு ஆனதும் மத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். சத்தம் தணியும். பெரிய குமிழ்கள் உடைந்து பொடியாவது இந்தக் கட்டத்தில்தான். பிரெஞ்ச் பிரஸ் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு பால் ஊற்றி, பிடியை இருபது தடவை மேலும் கீழும் அடித்தால் இன்னும் சீராக வரும். பிறகு பாத்திரத்தை மேசையில் இரண்டு தட்டு தட்டி, சுழற்றிவிடுங்கள்.

இப்போது காதைக் கொடுங்கள். முரட்டு நுரை ‘சிலுசிலு’வென்று உடைந்துகொண்டே இருக்கும். நைஸ் நுரையில் ஏறக்குறைய சத்தமே வராது.

எஸ்பிரெஸோ மெஷின் இல்லையே என்ற கவலை வேண்டாம். கெட்டியாக இறங்கிய முதல் டிகாக்ஷன் போதும். சிக்கரி கலந்திருந்தாலும் பாலுக்கு ஈடுகொடுக்கும். டிகாக்ஷனைக் கப்பில் விட்டு, அதன் நடுவில் நுரைத்த பாலை மெல்ல ஊற்றுங்கள்: முதலில் பால் அடியில் போகும், கடைசியில் வெள்ளை மேலே மிதந்து வரும், சுற்றிலும் பழுப்பு வளையம் நிற்கும்.

முதல் வாயைச் சர்க்கரை போடாமல் குடியுங்கள். கரண்டியால் கலக்கவே கூடாது. நுரையும் காபியும் ஒரே மடக்கில் சேர்ந்து வர வேண்டும். உதட்டில் நுரை முதலில் பட்டு, கசப்பு அதைத் தாண்டி வருவதுதான் இதன் ருசி. குடித்துக்கொண்டே கப்பின் உட்சுவரைக் கவனியுங்கள். நல்ல நுரை ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு மெல்லிய கோடு விட்டுப்போகும்.

ஆறப்போட்டுக் குடிக்கிற பானம் இல்லை இது. சில நிமிஷத்தில் குமிழுக்கு நடுவிலுள்ள பால் கீழே வடியும், சின்னக் குமிழ்கள் பெரியவற்றில் கரையும், மேலே உலர்ந்த பஞ்சு மட்டும் மிஞ்சும். மிச்சமான பாலை மறுபடி சுடவைத்து நுரைக்கவும் பார்க்காதீர்கள். முதல் தடவை போல் எழாது. அடுத்த கப்புக்குப் பிரிட்ஜிலிருந்து புதுப் பால் எடுங்கள், மத்தை மட்டும் பால் காய்வதற்குள் கழுவிவிடுங்கள்.