தொடங்கியதை மட்டும் எண்ணும் கணக்கு

2025 பட்ஜெட் உரையில், சிற்றூர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தின் சாதனையாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சில எண்களைச் சொன்னார். 88 விமான நிலையங்கள், 619 வழித்தடங்கள், ஒன்றரைக் கோடிப் பயணிகள். அதே மூச்சில் அடுத்த அறிவிப்பும் வந்தது: திருத்தியமைத்த உடான் 120 புதிய ஊர்களை இணைக்கும், பத்தாண்டுகளில் 4 கோடிப் பேர் அதில் பறப்பார்கள். இந்த எண்கள் எதுவும் பொய்யில்லை. ஆனால் 619 என்பது, திட்டம் தொடங்கியதிலிருந்து எப்போதாவது விமானம் பறக்க ஆரம்பித்த தடங்களின் கூட்டுத்தொகை. அவற்றில் எத்தனை நின்றுபோயின, இன்று எத்தனை ஓடுகின்றன என்ற எண் அந்த உரையில் இல்லை. ஒரு போக்குவரத்துத் திட்டத்தை எடைபோட முதலில் வேண்டிய எண் அதுதான்.

திட்டத்தின் கருத்தில் குறை சொல்ல அதிகமில்லை. சிற்றூர்களுக்கு விமானம் விடுவது நட்டமான தொழில். அந்த நட்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். அதற்குள் பயணிகள் பழகிவிட்டால் தடம் சொந்தக்காலில் நிற்கும். சுமார் 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்போடு பாதி இருக்கைகள். ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் ஏறவேண்டும் என்று பிரதமர் மோடி 2017 ஏப்ரலில் சிம்லாவில் முதல் விமானத்தைத் தொடங்கிவைத்தபோது சொன்னது இதைத்தான். மானியத்தில் 80 விழுக்காடு மத்திய நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதியோ பெருநகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்கள்மீது போடும் தீர்வையில் திரள்கிறது. சென்னையிலிருந்து டெல்லி போகிறவர் அறியாமலே தன் டிக்கெட்டில் இதற்கும் சேர்த்துக் கொடுக்கிறார். மீதி 20 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. தீயணைப்பு, போலீஸ் காவல், நிலம் என்று மாநிலம் தருவது தனி.

இந்தக் கட்டமைப்பை 2023-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்தார். உடானின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் ஒரு விமானமும் கிளம்பவில்லை. கிளம்பிய 371-ல் மானியக் காலமான மூன்று ஆண்டுகளை முடித்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. ஒதுக்கிய தடங்களில் நூற்றுக்கு ஏழு. திட்டத்தின் அடிப்படை வாதமே 'மானியம் போனாலும் தடம் நிற்கும்' என்பதுதான். அந்த வாதத்துக்குக் கிடைத்த மதிப்பெண் ஏழு.

அரசுத் தரப்பில் சொல்லக்கூடிய சமாதானங்கள் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டுத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. முதலாவது, கொரோனா. அது இரண்டு ஆண்டுகளை விழுங்கியது உண்மை. நடந்துகொண்டிருந்த பல தடங்கள் அதனால் அறுந்தன. ஆனால் தொடங்கவே தொடங்காத 403-க்கு இது பதிலாகாது. முதல் சுற்று ஒதுக்கீடு 2017 மார்ச், இரண்டாவது 2018 ஜனவரி, மூன்றாவதன் முதன்மை ஒதுக்கீடு 2019 ஜனவரி. எல்லாமே ஊரடங்குக்கு ஓராண்டுக்கு மேல் முந்தியவை. இரண்டாவது சமாதானம்: இது சோதனை முயற்சி, புதுத் தடங்களில் பாதி விழுவது தொழிலில் சகஜம். இருக்கலாம். அப்படியானால் விழுந்ததிலிருந்து என்ன கற்றார்கள் என்று பார்க்கவேண்டும். முதல் சுற்றில் 128 தடங்கள் ஐந்து நிறுவனங்களுக்குப் போயின. ஏர் ஒடிசாவுக்கு 50, ஏர் டெக்கானுக்கு 34, ட்ரூஜெட்டுக்கு 18. இந்த மூன்றும் இன்று பறப்பதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களை வைத்திருந்த இரு சிறு நிறுவனங்களிடம் நாடு முழுக்க 84 தடங்களை ஒப்படைத்தது யார், அவற்றின் வலுவைச் சோதித்துக் கையெழுத்திட்டது யார்? ஏலத்தில் மானியம் குறைவாகக் கேட்டவருக்குத் தடம் என்பது விதி. விதிப்படி நடந்தது என்பதைத் தாண்டி எனக்குத் திருப்தியான பதில் எதுவும் கிடைக்கவில்லை.

உடானில் சுற்றுலாவின் பெயரால் விட்ட தடங்களைப் பார்த்தால் சிக்கல் இன்னும் துலங்கும்.

புத்தர் பரிநிர்வாணம் அடைந்த குஷிநகரில் 2021 அக்டோபர் 20 அன்று சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். செலவு 260 கோடி ரூபாய், ஓடுபாதை 3.2 கிலோமீட்டர். முதல் விமானம் கொழும்பிலிருந்து வந்தது. இலங்கைப் பிக்குகள் புனிதச் சின்னத்தோடு வந்திறங்கினார்கள்; கண்கொள்ளாக் காட்சி. அடுத்த மாதம் டெல்லிக்கு ஒரு விமானச் சேவை தொடங்கியது. இரண்டே ஆண்டில், 2023 நவம்பரில், அது நின்றது. இதில் யாரையும் சதிகாரர் ஆக்கவேண்டியதில்லை. வரைபடத்தைப் பார்த்தாலே போதும். வெளிநாட்டுப் பௌத்த யாத்திரிகர்கள் கயாவில் இறங்குகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே கொழும்பிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் நேரடி விமானங்கள் வரும். கயாவிலிருந்து பேருந்து பிடித்துச் சாரநாத், குஷிநகர், எல்லை தாண்டி லும்பினி என்று ஒரு சுற்று. குழுவாக வருபவர்கள், பயண முகவர் பேசி முடித்த பேருந்து, வழிநெடுக மடங்கள். இவர்களுக்கு டெல்லியிலிருந்து ஒரு விமானம் எதற்கு? உள்ளூர்க்காரருக்குத் தேவை உண்டு. ஆனால் பக்கத்துக் கோரக்பூரில் ஏற்கெனவே டெல்லிக்கும் மும்பைக்கும் விமானம் இருக்கிறது.

இன்னொன்று, இது அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர் எவரும் சொல்லக்கூடியது. யாத்திரிகர் கூட்டம் வரும் மாதங்களும் கிழக்கு உத்தரப்பிரதேசத்தைப் பனிமூட்டம் மூடும் மாதங்களும் ஒன்றே. பனியில் விமானத்தை இறக்க வழிகாட்டும் கருவி இல்லாமல் திறந்த நிலையம், தனக்கு வருமானம் வரவேண்டிய மாதங்களில்தான் முடங்கும். சுற்றுலாத் துறையும் விமானத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்த்திருந்தால் ஓடுபாதைக்கு முன் அந்தக் கருவியைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

குஜராத்தின் கடல் விமானம் இதைவிடச் சிறிய கதை. 2020 அக்டோபர் 31 அன்று பிரதமரே பயணம் செய்து தொடங்கிவைத்தார். சபர்மதி ஆற்றுக்கும் படேல் சிலை நிற்கும் கேவடியாவுக்கும் இடையிலான சேவை. மாலத்தீவில் பதிவான ஒரு பழைய ட்வின் ஆட்டர் விமானம். பழுதுபார்க்க அதை மாலத்தீவுக்கே கொண்டுபோக வேண்டியிருந்ததால் சேவை இடையிடையே நின்றது. 2021 ஏப்ரலில் அடியோடு நின்றது. பழுதுபார்க்க உள்ளூரில் வசதி இல்லாத ஒரே ஒரு விமானத்தை நம்பி ஒரு பொதுச் சேவையை அறிவிப்பது பொறுப்பான செயல் அல்ல.

இதற்கு நேர்மாறாக தர்பங்கா. பீகாரின் மிதிலைப் பகுதியில் 2020 நவம்பரில் தொடங்கிய இந்த நிலையம் திட்டத்தின் நல்ல வெற்றிகளில் ஒன்று. அங்கே சுற்றுலா கிடையாது. டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வேலைபார்க்கும் லட்சக்கணக்கான மக்கள் உண்டு. சத் பூஜைக்கு ஊர் திரும்ப ரயிலில் இடம் கிடைக்காதவர்கள். நம்முடைய சேலமும் ஏறக்குறைய இதே பாடத்தைச் சொல்கிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993-ல் கட்டி, பல ஆண்டுகள் விமானம் வராமல் கிடந்த நிலையம் அது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்ததும் பயணிகள் வந்தார்கள். ஏற்காட்டுக்குப் போனவர்கள் அல்ல, பெரும்பாலும் தொழில்காரர்கள். 2021-ல் சேவை நின்றது.  அப்புறம் 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்கள் வரும்வரை இரண்டு ஆண்டுக்கு மேல் சேலத்துக்காரர் ரயிலையும் பேருந்தையும் நம்பியிருந்தார். தேவை இருந்தது, ஓடுபாதை இருந்தது, மானிய விதியும் இருந்தது. ஒரு நிறுவனம் சேவையை நிறுத்தினால் அந்தத் தடத்தை இத்தனை நாளுக்குள் மறுபடி ஓடவைக்கவேண்டியவர் இவர் என்று ஒரு பெயர் மட்டும் இல்லை.

என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான். சேவை நின்றால் சுற்றுலாத் துறை விமானத் துறையைக் காட்டும். விமானத் துறை நிறுவனத்தைக் காட்டும். நிறுவனம் சந்தையைக் காட்டும். மாநில அரசு 'நாங்கள் எங்கள் பங்கைக் கொடுத்தாயிற்று' என்று சொல்லும், அதுவும் உண்மையாகவே இருக்கும். நாடாளுமன்றத்தில் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாடு மூன்றுக்கும் சேர்த்து ஒரே நிலைக்குழு இருக்கிறது. கேள்வி கேட்கும் இடம் ஒன்று, பதில் சொல்லவேண்டியவர்கள் நாலு பேர். பணம் வரியாக வராமல் தீர்வையாக வருவதால் பட்ஜெட் விவாதத்தின் சூடும் அதன்மேல் படுவதில்லை.

அதற்காக உடானை வீண் செலவு என்று முத்திரை குத்தமாட்டேன். தர்பங்காவும் சேலமும் அந்தச் சொல்லைப் பொய்யாக்கும். ஆனால் சொந்த அளவுகோலில் தோற்ற திட்டம் அது. தோல்வியைவிடக் கனமான குறை, தோல்வி தெரியாதபடி எண்ணும் முறையைத் தேர்ந்தது. சுற்றுலாத் தடங்களைப் பொறுத்தவரை இன்னும் கடுமையாகச் சொல்வேன்: பார்வையாளர் எந்த மாதத்தில், எந்த வழியில் வருகிறார் என்று கேட்காமல் விமானம் விட்டால் ஆள் வருவான் என்று நம்பியது திட்டமிடுதலே அல்ல.

120 புதிய ஊர்களைப் பற்றிப் பேசும்போது நிலைக்குழு கேட்கவேண்டியது பெரிய ஆய்வறிக்கை ஒன்றும் இல்லை. 619 தடங்களுக்கும், ஒதுக்கியும் தொடங்காதவற்றுக்கும் ஒரு அட்டவணை: பறக்கவேண்டிய நாட்கள், பறந்த நாட்கள், வாங்கிய மானியம், நின்ற தேதி, நின்ற காரணம், அடுத்து யார் பொறுப்பு. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தன் 20 விழுக்காட்டுக்கு இதே கணக்கைக் கேட்கலாம். நெய்வேலி முதல் சுற்றிலேயே பட்டியலில் ஏறிய ஊர். வேலூருக்கும் வாக்குறுதி கொடுத்து வருடங்கள் ஆகின்றன. அந்த இரண்டு ஊர்களின் வரிசையில் 'பறந்த நாட்கள்' கட்டம் இன்னும் காலி.