உருவிப் பாருங்கள் அந்தக் கோலை

பென்சில்வேனியா நீள்ரைஃபிள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்பவர்களைக் கவனித்தால், எல்லார் பார்வையும் ஒரே வழியில்தான் போகும். முதலில் மேப்பிள் கட்டையில் புலிவரி மாதிரி ஓடும் அலைகள். அடுத்து, கட்டையின் பக்கவாட்டில் பதித்த பித்தளை மூடியின் சித்திரவேலை. அதன் பிறகு சக்கிமுக்கிக்கல் கடித்திருக்கும் விசை. குழலுக்கு அடியில் ஒண்டிக் கிடக்கும் மரக்குச்சியைச் சீண்டுவார் இல்லை. நானும் சீண்டியதில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் சில வருடங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில், கடைசல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். காரை வெயிலில் நிறுத்திவிட்டு, அதன் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டவர். அவர் செய்து முடித்திருந்த ரைஃபிளைக் கொடுத்தபோது நான் மேப்பிள் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் கோலை உருவி என் கையில் வைத்தார். அன்றிலிருந்து எனக்குத் துப்பாக்கி இரண்டாம்பட்சம்.

ராம்ராட் என்கிற இந்தக் கோலுக்கு என்ன வேலை? 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் செய்த இந்த ரைஃபிளுக்குத் தோட்டாவும் இல்லை, பின்பக்கத் திறப்பும் இல்லை. எல்லாமே வாய் வழியாகத்தான். முதலில் வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். கொழுப்பு தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, மூன்றரை அடிக்கும் மேல் நீளமான குழலின் அடிவரை தள்ள வேண்டும். குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் உண்டு. துணி அவற்றில் இறுகப் பிடித்தால்தான் குண்டு சுழன்று நேராகப் போகும். ஆக, ஒவ்வொரு முறையும் இறுக்கத்தை எதிர்த்துத்தான் தள்ளியாக வேண்டும். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத குச்சி, முழு ஆளின் பலத்தைத் தாங்குகிறது.

தாங்காவிட்டால்? மரத்தின் ரேகை சாய்வாக ஓடும் குச்சி குறுக்கே முறியாது, சாய்வாகப் பிளக்கும். முறிந்த முனை எழுத்தாணி மாதிரி கூராக நிற்கும். தள்ளிய வேகத்தில் கை அதன்மேல் இறங்கும். உள்ளங்கையில் புகுந்து புறங்கையில் வெளிவரும் விபத்துகளைப் பற்றி இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் எச்சரிப்பார்கள். இந்தக் கோலில் காணும் நேர்த்தியில் பாதி, இந்தப் பயத்திலிருந்து வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள்.

முதலில் ரேகை. கோலை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையில் ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். நகத்தை அதன்மேல் வைத்து அப்படியே மறுமுனை வரை ஓட்டிக்கொண்டு போங்கள். நல்ல கோலில் அந்தக் கோடு கடைசி வரை கூடவே வரும். மட்டமான கோலில் ஒரு சாண் தாண்டுவதற்குள் பக்கவாட்டில் நழுவி மறைந்துவிடும். அது மறைகிற இடம்தான் நாளைக்கு முறியப்போகும் இடம்.

கடையில் விற்கும் உருண்டைக் குச்சிகளில் பெரும்பாலானவை இதில் தோற்றுப்போகும். அவை அறுத்த பலகையிலிருந்து வருபவை. ரம்பத்துக்கு ரேகை தெரியாது. அது தன் கோட்டில்தான் போகும். கோலுக்கு மரத்தைப் பிளக்க வேண்டும். ஹிக்கரி துண்டத்தின் தலையில் கத்தியை வைத்து அடித்து இரண்டாக, நாலாக, எட்டாகப் பிளந்துகொண்டே போனால், பிளவு நாரின் வழியிலேயே இறங்கும். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் விளையும் இந்த மரத்தில்தான் அங்கே கோடரிக்கும் பிடி போடுகிறார்கள். எஃகு வருவதற்கு முன் கோல்ஃப் மட்டைகளின் தண்டும் இதுதான். வளையும், அதிர்ச்சியை விழுங்கும், எளிதில் விட்டுக்கொடுக்காது.

பிளந்த சிம்பை முதலில் சதுரமாக இழைப்பார்கள். அதன் நான்கு மூலையையும் சீவினால் எட்டுப் பட்டை. அதையும் சீவினால் பதினாறு. பிறகு உருட்டுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. பெரியவர் கடைசிச் சுரண்டலுக்கு உடைந்த கண்ணாடித் துண்டைத்தான் வைத்திருந்தார். உப்புத்தாள் போட்ட கோல் வழவழவென்று இருக்கும். கண்ணாடியால் சுரண்டிய கோலைக் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் உருட்டினால், அந்தப் பட்டைகளின் நினைவு லேசாகத் தட்டுப்படும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சுத்தமான உருளை வேண்டுமென்றால் மெஷினிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கோல் வளையட்டும் என்று மாதக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஊறவைப்பவர்கள் இன்றும் உண்டு. மண்ணெண்ணெய் கடைக்கு வந்ததே 1850களில்தான். அதற்கு முந்தைய கொல்லர்கள் நேரான ரேகையை நம்பியே காலம் தள்ளியிருக்கிறார்கள்.

அடுத்து கனம். உருவிய கோலின் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய முறைப்படி செய்ததாக இருந்தால் குழல்வாய்ப் பக்கம் பருத்திருக்கும், உள்ளே போகும் பக்கம் மெலிந்திருக்கும். காரணம் துப்பாக்கிக் கட்டைக்குள் இருக்கிறது. நல்ல ரைஃபிளில் குழலுக்கும் கோல் புகும் துளைக்கும் நடுவே உள்ள மரம் எட்டில் ஒரு பங்கு அங்குலம்கூட இராது. அந்த நெருக்கத்தில்தான் துப்பாக்கியின் ஒல்லியான அழகு பிறக்கிறது. அதற்காகக் கோல் தன் உடம்பைக் குறைத்துக்கொள்கிறது. முழுவதும் ஒரே கனமாக இருந்தால் அது கடைக்குச்சி என்று சந்தேகப்படலாம். அருங்காட்சியகங்களில் இருக்கும் கோல்களிலும் பல பிற்காலத்தில் மாற்றியவை. முறிவதும் தொலைவதும் அதன் தலையெழுத்து.

இனி முனைக்கு வருவோம். உலக்கைக்குப் பூண் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பித்தளையிலோ இரும்பிலோ சின்னக் கிண்ணம் கடைந்து, கோலின் நுனியை அதற்கேற்றபடி ஒடுக்கிச் செருகுகிறார்கள். பழைய கோல்கள் பலவற்றில் பருத்த முனை வெறும் மரமாகவே இருக்கும். மெலிந்த முனையில்தான் உலோகம். குழலைத் துடைக்க நார் சுற்றும் சுருள்கம்பியைத் திருகிக்கொள்வது அங்கேதான். இன்றைய முனைகளில் பெரும்பாலும் 8-32 அல்லது 10-32 மரை இருக்கும். 32 என்பது அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு.

முனையை ரசிக்க நகம் போதும். மரத்திலிருந்து உலோகத்துக்கு நகத்தை இழுங்கள். எங்கே மரம் முடிந்து பித்தளை தொடங்கியது என்று கண்தான் சொல்ல வேண்டும், நகத்துக்குத் தெரியக்கூடாது. ஒரு மயிரிழை துருத்தினாலும் துணி அதில் மாட்டும். பிறகு ஆணியைத் தேடுங்கள். முனையின் குறுக்கே துளையிட்டு, ஆணி செருகி, இரண்டு பக்கமும் சுத்தியால் தட்டிப் பரத்தி, அரத்தால் சமன் செய்திருப்பார்கள். பித்தளை முனைக்குப் பித்தளை ஆணியே போட்டிருந்தால், கைதேர்ந்தவர் வேலையில் அது கரைந்தே போயிருக்கும். சாய்த்துப் பிடித்தால்தான் வட்டம் மங்கலாகத் தெரியும். ஆணி இல்லாமல் பசையை மட்டும் நம்பிய முனையைக் கண்டால் கோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அழுக்குத் துணியோடு அது குழலின் அடியில் இறுகிக்கொள்ளும். இழுத்தால் வெறும் குச்சி மட்டும் கையோடு வரும்.

முழுக்கோலையும் இரும்பிலேயே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்தார்கள். பிரஷ்யப் படைக்கு இரும்புக்கோலைக் கொண்டுவந்தவர் ஆன்ஹால்ட்-டெஸாவ் இளவரசர் லியோபோல்ட். 1741இல் மோல்விட்ஸ் போரில் பிரஷ்யக் காலாட்படை அவ்வளவு வேகமாகச் சுட்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தப் படையின் மஸ்கட்டுகளுக்கு உட்பள்ளம் கிடையாது. ரைஃபிளின் பிழைப்போ பள்ளத்தில் இருக்கிறது. குழல்வாயில் இரும்பு உரசி உரசிப் பள்ளம் தேய்ந்தால் குறி போய்விடும்.

ஒரு கோலை நேரில் கையிலெடுக்க ஆசைப்படுபவர்களுக்கு இந்தியானா மாநிலத்தின் பிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரைச் சொல்வேன். 1933இல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுகளம் அங்கே இருக்கிறது. துப்பாக்கிக்காரரிடம் கேட்காமல் கோலைத் தொடாதீர்கள். குழல்வாய்க்கு நேரே நிற்காதீர்கள். அவர் மருந்து கெட்டிக்கும்போது கையைப் பாருங்கள். நுனியைப் பிடித்து ஓங்கித் தள்ள மாட்டார். குழல்வாய்க்குச் சற்று மேலே பிடித்து, ஒரு சாண் தள்ளி, கையை மேலே நகர்த்தி, மறுபடி ஒரு சாண். கோலில் கீறிய அடையாளம் குழல்வாயோடு சேர்ந்ததும் நிறுத்துவார். குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் இடைவெளி இருந்தால் குழலே வெடிக்கலாம்.

காதையும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். காலிக் குழலில் உலோக முனை கீழே பார்க்கக் கோலை நழுவ விட்டால் ‘கிண்’ணென்று ஒலிக்கும். உள்ளே சரக்கு இருந்தால் ‘தொப்’.

பெரியவர் கழித்துப் போட்ட ஒரு கோல் இப்போது என் வீட்டு ஜன்னலில் திரைச்சீலையைத் தாங்குகிறது. பித்தளை முனை, நகத்துக்குத் தட்டாத இணைப்பு, எல்லாம் சுத்தம். வலப்பக்க முனையிலிருந்து ஒன்பதாவது அங்குலத்தில் மட்டும் ரேகை வெளியே நழுவுகிறது. வருகிறவர்கள் திரைத்துணி எங்கே வாங்கியது என்று விசாரிக்கிறார்கள்.