விழா அரங்கும் வரலாற்றின் மறுபாதியும்

நியூ மெக்சிக்கோவின் பாலைசார்ந்த மேட்டுநிலத்தில் 1610 அளவில் ஸ்பானியர் அமைத்த சாந்தா பே நகரம், கோடைக்காலக் கலைவிழாக்களாற் புகழ்பெற்றது. அமெரிக்கப் பழங்குடியினரின் கைவினைகளுக்கான ‘இந்தியர் சந்தை’ 1922இல் தோன்றியது. திறந்த அரங்கில் ஒப்பேரா 1957 முதல் நிகழ்கிறது. கோடையின் இறுதியில் வரும் ‘பியெஸ்தா’ விழாவோ 1712ஆம் ஆண்டுப் பிரகடனமொன்றைத் தன் மூலமாகக் கொள்வது.

இவ்விழாவில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்த ‘என்ட்ராடா’ என்னும் ஆற்றுகை நுணுகி நோக்கற்பாலது. 1680இல் புவெப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை விரட்டினர். 1692இல் தியேகோ தெ வர்காஸ் குருதி சிந்தாது நகருட் புகுந்தமையை இவ்வாற்றுகை சித்திரித்தது. ஆயின் மறு ஆண்டே அவர் குடியேறிகளுடன் மீண்டுவந்து, போரிட்டு நகரைக் கைப்பற்றினார். சிறைப்பட்டோருள் 70 பேர் கொல்லப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் அடிமைகளாக்கப்பட்டனர். அரங்கு 1692உடன் திரையை இறக்கிவிட்டது.

ஆற்றுகை பொய்யுரைத்தது எனல் பொருந்தாது. நடந்ததையே அது நடித்தது. எவ்விடத்தில் முடிப்பது என்னும் தெரிவிலேயே அதன் அரசியல் உறைந்திருந்தது. வென்றோர்க்கு உவப்பான முடிவு, தோற்றோர்க்கு அழிவின் தொடக்கமாயிற்று. புவெப்லோ மக்களும் அவர்தம் ஆதரவாளரும் காட்டிய எதிர்ப்பின் விளைவாக 2018இல் அது கைவிடப்பட்டது.

இம்முடிவு வரவேற்கத்தக்கதே. எனினும், ஓர் ஆற்றுகையை அகற்றுதலால் மட்டும் வரலாறு முழுமை பெற்றுவிடாது. 1680உம் 1693உம் அதே சதுக்கத்தில் அரங்கேறும்போதே அவ்விழா நகர மாந்தர் அனைவர்க்கும் உரியதாகும்.