குவாய் பாலமும் சித்தாள் அபிப்பிராயமும்

ஒரு படம் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்பே, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் தகுதி யாருக்கு என்பது தீர்மானமாகிவிடுகிறது. 1957இல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் கதையும் அதுதான். ஏழு ஆஸ்கார் விருதுகள். சீட்டியடித்துக்கொண்டு முகாமுக்குள் அணிவகுத்து வரும் கைதிகளை உலகமே ரசித்தது.

படத்தின்மேல் எழுந்த கண்டனங்களும் பிரசித்தம். சயாம்–பர்மா ரயில்பாதையில் உழைத்து மீண்ட பிரிட்டிஷ் கைதிகள் கோபப்பட்டார்கள். தம்முடைய கர்னல் டூசி, ஆட்களைக் காப்பாற்றவும் வேலையைத் தாமதப்படுத்தவும் பாடுபட்டவர். படத்தின் கர்னல் நிக்கல்சனோ எதிரிக்கு விழுந்து விழுந்து பாலம் கட்டித் தருகிறார் என்றார்கள். ஜப்பானியர் தரப்பில், எங்கள் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாதா என்ற மனக்குறை. உண்மைப் பாலத்தை வடிவமைத்தது ஜப்பானியப் பொறியாளர்கள்தான். சினிமா ரசிகர்களோ, நிக்கல்சன் கடமை வீரரா பித்துப்பிடித்தவரா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

மூன்றும் வேறுவேறு அபிப்பிராயங்கள் போலத் தெரியும். உண்மையில் மூன்றும் ஒரே சொல்லாடலுக்குள் நிற்பவை. அதிகாரியின் மானம், பொறியாளரின் மானம், தேசத்தின் மானம். மண் சுமந்தவன் இந்த விவாதத்தில் எங்கேயும் இல்லை.

கிளியனூரில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் இந்தப் படத்தைப் போட்டோம். நடவு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற சிலர், கல்லூரிப் பையன்கள், கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலிருந்து வந்த ஒருவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். வசனம் வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனோம்.

முதல் பாதியின் மோதல் என்ன? அதிகாரிகளும் உடலுழைப்பில் இறங்க வேண்டும் என்கிறான் முகாம் தலைவன் சைட்டோ. ஜெனீவா ஒப்பந்தத்தை நீட்டி, முடியாது என்கிறார் நிக்கல்சன். தகரக் கூண்டில் வெயிலில் அடைத்தும் அவர் மசியவில்லை. அலெக் கின்னஸ் தள்ளாடி நடந்து வருகிற இடத்தில் பையன்கள் நெகிழ்ந்துபோனார்கள். அப்போது சித்தாள் வேலை பார்க்கிற ஓர் அம்மா கேட்டார்: "வேலை செய்ய மாட்டன்னுதான இவரு நிக்கிறாரு? அப்ப அந்தப் பசங்க மட்டும் மண்ணு தூக்கலாமா?" கொஞ்சம் பொறுத்து, "ஆண்டைங்ககூட அப்பிடித்தான், வரப்பவுட்டு எறங்க மாட்டாங்க" என்றார்.

இந்த ஒரு கேள்வியில் பிரதி குலைந்துபோகிறது. 1929இன் ஜெனீவா ஒப்பந்தப்படி சாதாரணச் சிப்பாயை வேலை வாங்கலாம். அதிகாரியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. படிநிலையைக் காப்பாற்றும் இந்த விதியைத்தான் படம் மனித கண்ணியத்தின் குரலாக மாற்றிக் காட்டுகிறது. அதிகாரி ஜெயித்ததும் யார் மண் சுமக்க வேண்டியிருக்கிறதோ அவர்களே ஆரவாரம் செய்து அவரைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். பிற்பாடு பாலம் குறித்த நாளில் முடிய வேண்டுமென்று அதிகாரிகள் தாமாகவே வேலைக்கு வருகிறார்கள். மருத்துவக் கொட்டகையிலிருந்து நோயாளிகளையும் நிக்கல்சன் கிளப்பிக் கொண்டுவருகிறார். கை அழுக்காவது அவருக்குப் பிரச்சினையில்லை. யார் சொல்லி அழுக்காவது என்பதுதான் பிரச்சினை. சாதியச் சமூகத்தில் வாழ்கிற நமக்கு இந்த மானம் அந்நியமானதா என்ன? படம் நிக்கல்சனைக் கேலி செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்கிறது. ஆனால் எதிரிக்கு உதவியதற்காகத்தான் செய்கிறது. உழைக்க மறுத்த பகுதி கடைசிவரை வீரமாகவே நிற்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1942–43இல் ஓராண்டு சொச்சத்தில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதை. போர்க்கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர். இறந்தவர்கள் சுமார் 13 ஆயிரம். ஆசியக் கூலிகள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம்வரை என்பது மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரம். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன சனங்களும் அவர்கள் பிள்ளைகளும். (அந்தத் தென்னார்க்காட்டில்தான் கிளியனூரும் இருந்தது.) 1943இன் காலராவில் கூலிக் கொட்டகைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. கைதிகளிடம் தங்கள் மருத்துவர்கள் இருந்தார்கள், கணக்கெழுத அதிகாரிகள் இருந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுடைய கல்லறைகள் ஏழாயிரத்துக்கு அருகே வரிசையாக நிற்கின்றன. கூலிக்கு ஒப்பந்தமும் இல்லை, கல்லும் இல்லை, பேரும் இல்லை.

படத்தில் இவர்கள் இல்லாததை மறதி என்று விட்டுவிட முடியாது. கதையாடலின் கட்டாயம் அது. இடுப்பில் பிள்ளையோடு கூடை சுமக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணைச் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்திப் பாருங்கள். 'நான் வேலை செய்ய மாட்டேன்' என்கிற கர்னலின் வீரம் அந்தக் கணமே துரையின் வீம்பாகிவிடும்.

படம் பிடிக்கப்பட்டது இலங்கையில், அட்டன் போகிற வழியிலுள்ள கித்துள்கலையில். சுற்றுவட்டாரம் தேயிலையும் ரப்பரும். மலைநாட்டுத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியிருந்தது. முகாம்காரருக்கு அந்த ஆறு தெரிந்திருந்தது. அவர் அபிப்பிராயம் சுருக்கமானது: "சண்ட முடிஞ்சா இவங்களுக்குப் போக ஒரு நாடு இருக்கு." ஈழப்போர் முடிந்தது 2009இல். 2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. முகாம் முகாமாகவே இருக்கிறது.

போர்க்கைதிகளின் குறிப்புகளில் ஒரு செய்தி வருகிறது. மலாயாவில் இலவச சினிமா என்று விளம்பரம் செய்து, கொட்டகை நிரம்பியதும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றி சயாமுக்கு அனுப்பினார்கள் என்று. மரண ரயிலைப் பற்றிய சினிமாவில் இடமில்லாத சனங்களில் ஒரு பகுதியினர், சினிமா பார்க்கப் போன இடத்தில் பிடிபட்டவர்கள். பார்வையாளர் அபிப்பிராயம் என்று பேசுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2013இல் வந்த 'தி ரயில்வே மேன்' படமும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியும் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரும் சமாதானமாகும் கதைதான். நம் பக்கத்தில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் மலேசியாவிலிருந்து வந்திருக்கின்றன. லீனின் சட்டகங்களை வியந்து எழுதுகிற கை, இந்த நாவல்களையும் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு எழுத வேண்டும். தமிழில் உலக சினிமா பற்றி எழுதுவதென்பது வெள்ளைக்கார விமர்சகனின் கேள்வியைக் கடன் வாங்கிப் பதில் சொல்வதல்ல. 'அந்தப் பசங்க மட்டும் மண்ணு தூக்கலாமா?' என்பது முழுமையான விமர்சனக் கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்வோம்.